வாசலில் நின்ற எர்மினியா

பாஹியா பிளாங்கா ஊரின் தமாரிஸ்கோ கூடைப்பந்து கிளப்புக்கு முப்பது வருடமாகச் சட்டை துவைத்தவர் எர்மினியா சுபெல்தியா. யார் உயிரைக் கொடுத்து ஆடினான், யார் சும்மா ஓடினான் என்று வியர்வையை வைத்தே சொல்லிவிடுவார். ஆட்டத்தைப் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

எல்லாம் ஒரு கெட்டில் வெந்நீரால் வந்தது. தென் அமெரிக்க கிளப் போட்டிக்கு முதல்முறை போனபோது, பன்னிரண்டு புள்ளி பின்தங்கிய நேரத்தில், மாத்தே என்ற மூலிகை டீ போட்டுக் குடிக்க வெந்நீர் பிடிக்க எர்மினியா வெளியே போனார். திரும்புவதற்குள் அணி ஜெயித்துவிட்டது. ராசி என்றார்கள். அன்றிலிருந்து எந்த ஆட்டத்துக்கும் அவருக்கு இடம் வாசல்தான். மாண்டிவிடியோ, அசுன்சியோன், பிரேசில் ஊர்கள் என எல்லா அரங்குகளின் கதவுகளையும் பார்த்திருக்கிறார். தோற்றால் மட்டும், "கதவுக்கு ரொம்பப் பக்கத்துல நின்னுட்டீங்க" என்பார் கிளப் தலைவர் பெங்கோசேயா.

இந்த முறை இறுதி ஆட்டம் சொந்த அரங்கில், பிரேசில்காரர்களோடு. எர்மினியாவுக்கு வயது அறுபத்தெட்டு. ஒரே ஒரு வெற்றியையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. தோற்றுவிட்டால் ஊர் தன்னைத்தான் சபிக்கும் என்ற பயமும் இருந்தது. கடைசி நிமிடத்தில் ஆசை ஜெயித்தது. பின்பக்கமாகச் சலவை அறைக்குள் நுழைந்து, ஆடுகளம் தெரியும் சன்னல் இடுக்கில் கண்ணை வைத்தார்.

தமாரிஸ்கோவுக்கு ஒரு புள்ளி குறைவு. அணியின் ஒஸ்வால்தோ எறிந்த பந்து வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது. அலறல் வெளியே வராமலிருக்க ஒரு துண்டைக் கடித்துக்கொண்டார். பிறகு மூச்சிரைக்க ஓடி வாசலில் போய் நின்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

கூட்டம் பாய்ந்து வந்து அவரைத் தோளில் தூக்கியது.

"எர்மினியாக்கா, நீங்க வெளிய நின்னதாலதான் கப்பு நமக்கு!" என்று கத்தினார் பெங்கோசேயா. "ஒஸ்வால்தோ போட்டான் பாருங்க, அப்படியே நேரா உள்ள போச்சு!"

"எங்க நேரா போச்சு? ரெண்டு சுத்து சுத்திட்டுல்ல விழுந்துச்சு!"

தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். பெங்கோசேயா அவர் கையிலிருந்த துண்டையும் அதிலிருந்த பல் தடத்தையும் பார்த்தார்.

"எங்கேருந்து பாத்தீங்க?"

"சலவை ரூம் சன்னல்ல."

பெங்கோசேயா துண்டோடு சேர்த்து அவர் கையை இறுக மூடினார்.

"சரி. அடுத்த வருஷமும் அதே சன்னல், அதே துண்டு. அதுவரைக்கும் இதைத் துவைச்சீங்கன்னா, நான் பொல்லாதவனாயிடுவேன்."