மூடக் கூடாத புண்

முதலில் தெரிந்தது புண்ணின் வாடை. திருவிழாவில் சுவாமியைத் தோளில் காவியபோது (சுமந்தபோது) கொம்பு, அதாவது சுமக்கும் தடி, உரசி இடது தோளில் ஏற்பட்ட சிறு காயம் அது. எனக்கு நீரிழிவு உண்டு. காயம் ஆறவில்லை; விளிம்பில் வெண்மை படர்ந்து கசியத் தொடங்கியது. ஒருவருக்கும் காட்டவில்லை. கல்லூரியொன்றின் உப அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் ஊரான இணுவிலில் தோல்நோய்க்காரன் என்று பெயரெடுக்க விரும்பவில்லை.

சால்வையை மடித்துத் தோளிலேயே வைத்திருந்தேன். வியர்வையில் நனைந்தாலும் எடுப்பதில்லை. கோயிலுக்குள் ஆண்கள் அதை இடுப்பில் கட்டுவதே வழக்கம். அயலவர் ஒருவர் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: “மாஸ்டர் முருகனுக்கும் சால்வை எடுக்கமாட்டார் போலை. முருகன்தான் எழும்பி நிக்கோணும்.” கர்வி என்றே எண்ணட்டும் என்று இருந்துவிட்டேன்.

காய்ச்சல் கண்டபின் மனைவி என்னை மருத்துவமனைக்குக் கூட்டிச் சென்றாள். மருத்துவர் என்னிடம் படித்த பெண். புண்ணோடு ஒட்டியிருந்த சால்வையை நீரூற்றி உரித்தார். மனைவி அப்போதுதான் அதைக் கண்டாள்.

“எவ்வளவு நாளாய் இது? ஒரே வீட்டிலைதானே இருக்கிறம்?”

மருத்துவர்தான் பதில் சொன்னார்.

“பங்கசு, சேர் (பூஞ்சணத் தொற்று). ஈரத்தோடை மூடி வளர்த்திருக்கிறியள். இன்னும் மூடினால் கிருமி இரத்தத்திலை ஏறும். பிறகு என்னாலை ஒண்டும் ஏலாது.”

போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மருந்தும் பஞ்சும் அரிதான காலம். நாள்தோறும் கட்டு மாற்ற வழியில்லை. உதவி நிறுவனமொன்று கொடுத்திருந்த ஜெல் கட்டு (கசிவை உறிஞ்சும், கண்ணாடி போன்ற மென்தகடு) ஒன்றை அவர் ஒட்டினார். அதில் ஊறியிருந்த பூஞ்சண மருந்து பல நாட்கள் சிறிது சிறிதாகப் புண்ணில் இறங்குமாம்.

“இதுக்கு மேலை துணி படக்கூடாது சேர்.”

“வெளியாலை போறதெப்பிடி?”

“உப்பிடியே போங்கோ. புண்தானே, களவே?”

அந்தத் தகட்டினூடே புண் முழுவதும் தெரிந்தது. வீட்டுக்குள் முடங்கினேன். தேடி வந்தவர்களிடம் நான் உறங்குவதாக மனைவி சொன்னாள்.

பிறகு அயலில் ஒரு செத்தவீடு. போகாதிருக்க முடியாது. சால்வையைக் கையில் எடுத்தேன்.

“மூடிக்கொண்டு போறதெண்டால் போகாதேங்கோ,” என்றாள் மனைவி. “இன்னொருக்கா உங்களை உரிக்கிறதைப் பாக்க என்னாலை ஏலாது.”

வெறுந்தோளோடு போனேன். கோயிலில் பகிடி விட்ட அயலவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“உதென்ன மாஸ்டர், தோளிலை கண்ணாடியே?”

“புண். பங்கசுப் புண்.”

அவர் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டார். அவரைக் குறை சொல்லேன்; நானும் அதையே செய்திருப்பேன்.

கட்டுகள் சில மாறியபின் புண் மூடியது. இதே நிலையில் இருப்போருக்கு ஒன்று சொல்லலாம்: ஆறுவதற்குப் புண் எடுக்கும் காலத்தை நம் மணிக்கூடு அறியாது. காட்டுங்கள், காத்திருங்கள். வெட்கமும் கூடவே ஆறிவிடும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த இடத்துத் தோலில் இப்போது உணர்ச்சி இல்லை. தொட்டால் தெரியாது. யாராவது பார்த்தால் தெரிகிறது.