தள்ளு பொத்தான்

எங்கள் பள்ளியில் அறிவியல் நடத்தியவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘நாளைக்கு டீச்சர்’. மணி அடிக்கும்போது அவர் பாடம் பாதியில் நிற்கும். “மீதிய நாளைக்குப் பாப்போம்” என்பார். ஆசிரியர் அறையில் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. பன்னிரண்டு வருஷம் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் நான். அவர் கைப்பையைக் கவிழ்த்தால் காந்தம், நூல்கண்டு, தீர்ந்துபோன பேட்டரி எல்லாம் விழும், சீப்பு மட்டும் இருக்காது.

கம்ப்யூட்டர் தெரியும் என்று எனக்குக் கொஞ்சம் மிதப்பு. பாடத்திட்ட மென்பொருள் வந்தபோது தலைமையாசிரியை அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார். நானும் சந்தோஷமாகத் தலையை நீட்டினேன். வருஷம் முழுவதற்குமான பாடங்களை நாள்வாரியாகக் கட்டங்களில் போட வேண்டும். நடத்தியதும் ‘முடிந்தது’ அழுத்தினால் கட்டம் பச்சையாகும். முடியாவிட்டால் ‘தள்ளு’. அந்தப் பாடமும் அதன் பின்னால் இருப்பவையும் ஒரு நாள் நகரும், கட்டம் சிவப்பாகும். கூடவே காரணம் கேட்டு ஒரு சின்னப் பெட்டி திறக்கும்.

நாங்கள் யாரும் தள்ளவில்லை. எதற்கு வம்பு? முழுசாக நடத்தினாலும் பச்சை, பாதி நடத்தினாலும் பச்சை. உடற்கல்வி ஆசிரியர் லீவு போட்ட நாளுக்குக்கூடப் பச்சை போட்டிருந்தார். என் பக்கம் புல்வெளி மாதிரி இருக்கும். நாளைக்கு டீச்சர் மட்டும் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருப்பார்.

“என்ன டீச்சர், கதை எழுதறீங்களா?”

“காரணம் கேக்குதே சார். கேட்டா பதில் சொல்ல வேணாமா?”

எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தேன்.

அரையாண்டு முடிந்ததும் தலைமையாசிரியை, யார் யார் எத்தனை பாடம் தள்ளினார்கள் என்று ஒரே தாளில் கேட்டார். காரணம் என்கிற பத்தி தாளுக்குள் அடங்காமல் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தது. எனக்குத் தாள் அழகாக இருக்க வேண்டும். அந்தப் பத்தியை மறைத்துவிட்டு ப்ரிண்ட் எடுத்தேன். மறைப்பதற்கு முன் ஒரு வரியாவது படித்தேன் என்று சொல்ல ஆசைதான். படிக்கவில்லை.

எல்லோருக்கும் பூஜ்யம். அவருக்கு மட்டும் முப்பத்தொன்று.

“உங்க சாஃப்ட்வேர் தப்பா காட்டாது இல்ல?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

“காட்டாது மேடம்.”

நான் கணக்கும் அவர் அறிவியலும் நடத்திய ஏழாம் வகுப்பு அந்த வாரமே அவர் கையைவிட்டுப் போயிற்று. வராத ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து, சத்தம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்றார்கள். பாடம் நடத்துவதைத் தவிர வேறெதிலும் அவருக்கு ஆசை கிடையாது. அதைத்தான் பிடுங்கினோம். வருஷக் கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். கிளம்பும்போது என் மேஜையருகே வந்து “வரேன் சார்” என்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினேன். இன்றைக்கும் அந்தத் தலையாட்டலை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

கோடை விடுமுறையில், பழைய பதிவுகளைச் சேமித்து வைப்பதற்காக முழுப் பட்டியலைத் திறந்தேன். மறைத்த பத்தியும் சேர்ந்தே வந்தது.

‘பின் வரிசையில் நாலு பேருக்குப் புரியவில்லை.’ ‘நானே தப்பாகச் சொல்லிவிட்டேன், திருத்த ஒரு நாள் வேண்டும்.’ அப்புறம் இது: ‘அடர்த்தி நடத்த விகிதம் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்கு விகிதம் வரவில்லை. இன்று அதை நடத்தினேன்.’ மறுநாளும் விகிதம். அடுத்த மாதம் பின்னம், தசமம். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்றில் பதினான்கு என் பாடம். என் பக்கத்தைத் திறந்தால் அந்தப் பாடங்கள் எல்லாம் அதற்கு முன்பே பச்சை. அவர் ஓரிடத்தில்கூட என்னைக் குறை சொல்லி எழுதவில்லை.

உடனே போன் பண்ணினேன்.

“டீச்சர், என் பாடத்தையும் சேத்து நீங்கதான் நடத்தினீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“எழுதியிருந்தேனே சார். அதுக்கு நீங்கதானே பொறுப்பு. எல்லாத்தையும் படிச்சுட்டுதான் தாளக் கொடுத்தீங்கன்னு இத்தன நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

“இல்ல டீச்சர். படிக்கவே இல்ல” என்றேன். அதைச் சொல்லவும் நா கூசியது.