மணிமுத்தாற்றுக் கரையில் இரண்டு சைக்கிள்கள்

என் அண்ணி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பது வயது தாண்டிய பிறகுதான். நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் சூளைக்குப் பின்னால் களிமண் காயவைக்கிற பெரிய சிமெண்டுத் தரை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அது காலியாகக் கிடக்கும். வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு அண்ணியை அங்கே கூட்டிப்போவேன். அண்ணியின் மகனுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள், அவன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதிலிருந்து வீட்டில் சும்மா நின்றது. அதைத் துடைத்து, காற்றடித்து, சீட்டை இறக்கி, அதில்தான் அண்ணி பழகினார். விழுந்து எழுந்து, சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறி, ஒருவழியாகத் தரையைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தார்.

ஆனால் ரோட்டுக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோனது. முதல் நாளே எங்கள் பின்னால் வந்த டாரஸ் லாரி ஒன்று ஏர் ஹாரன் அடித்தது. அண்ணி சைக்கிளிலிருந்து குதித்துவிட்டார். சைக்கிள் மட்டும் தனியாகப் போய் ஒரு பெட்டிக்கடையின் தட்டியில் முட்டிச் சாய்ந்தது.

“எனக்கு இந்த ரோடே வாணாம் பாப்பா,” என்றார். “லாரி வராத வழி எங்கனா இருந்தா சொல்லு, வரேன்.”

என்னைத் தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னார். நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் பட்டை டயர் போட்ட கியர் சைக்கிள் ஒன்று இருக்கிறது. வேலை முடிந்த சாயங்காலங்களில் அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மண்பாதையாகப் போய்ப் பார்த்தேன். கம்பெனிகளுக்குப் பின்புறம் போகும் ஒரு பாதையில் உடைந்த சரக்கையெல்லாம் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். பியூஸ் கட்டைகள், கப்புப் பிடிகள், பொம்மைத் தலைகள். டயர் ஏறும்போது அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் வரும். அந்தப் பாதையிலேயே போய், இரண்டு சவுக்குத் தோப்புகளைத் தாண்டினால் மணிமுத்தாற்றுக் கரை. கரைமேல் டிராக்டர் போன தடம் இரண்டு பக்கமும், நடுவில் புல்லும். சில இடங்களில் கிராவல் கொட்டிச் சமன்செய்திருந்தார்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல். அன்றைக்கு இருட்டும்வரை போய்த் திரும்பினேன், எதிரே வந்தது ஒரே ஒரு புல்லுக்கட்டுதான், அதைச் சுமந்த பெண்ணோடு.

போனில் மேப்பைப் பெரிதாக்கி அண்ணிக்குக் காட்டினேன். ஆற்றை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்த பாதைமேல் அவர் விரலை வைத்து இழுத்துக்கொண்டே போனார். வெள்ளாற்றோடு ஆறு சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் விரல் நின்றது.

“இப்புடியே போனா எங்கம்மா வூடு வந்துடுதே!”

கல்யாணமான நாளிலிருந்து அண்ணி பிறந்த வீட்டுக்கு இரண்டு பஸ் மாறித்தான் போவார். இல்லாவிட்டால் அண்ணனுக்கு நேரம் கிடைக்கும் நாளில் அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போவார். தானாகப் போய் இறங்க முடியும் என்று அண்ணி நினைத்ததே இல்லை போலிருந்தது. மேப்பை மூடச் சொல்லவே இல்லை.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். அண்ணன் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா வூட்டுக்குப் போயிட்டு வரேங்க,” என்றார் அண்ணி.

“பஸ்ஸு இந்நேரத்துக்கு ஏது?”

“பஸ்ஸுல இல்ல. சைக்கிள்ல.”

அண்ணன் வாயில் நுரையோடு என்னைப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் என்னா ஆச்சு? சரி, எங்கயாச்சும் முடியலன்னா போன் பண்ணுங்க. மினி வேன் புடிச்சுக்கிட்டு வரேன்.” தெருமுனை வரை வந்து நின்று பார்த்தார். நாங்கள் திரும்பி வருவோம் என்று காத்திருந்தார் என நினைக்கிறேன்.

கரையில் பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக மெல்லிசாக ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணி ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன் சக்கரத்தையே பார்த்து ஓட்டினார். வெயில் ஏற ஏற அறுப்பு முடிந்த வயல்களும், வைக்கோல் போரும், மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவிகளும் தெரிய ஆரம்பித்தன. அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தினார்.

“ஹாரன் சத்தமே இல்ல பாரு,” என்றார். அப்புறம் தானே மணியை அடித்துப் பார்த்துக்கொண்டார்.

கொஞ்ச தூரத்தில் பாதை முழுக்க வாத்துகள். ஒரு பெரிய மந்தை, கரை கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நீளக் கழியோடு ஒருவர், முன்னால் அவர் மனைவி. அறுத்த வயலில் மேய்க்க ஊர் ஊராகப் போகிறவர்கள். அண்ணி மணியில் கை வைப்பதைப் பார்த்ததும் அவர் கழியைத் தூக்கினார்.

“பெல்லு அடிக்காதீங்கம்மா! மெரண்டு ஆத்துல எறங்கிடும். அப்பறம் கூட்டுறதுக்குள்ள பொழுது போயிடும். பின்னாடியே மெதுவா வாங்க.”

“மெதுவான்னா விழுந்துடுவேங்க,” என்றார் அண்ணி.

“விழுந்தா என்னா, மண்ணுதான்.”

அண்ணி சொன்னது உண்மைதான். வேகமாகப் போகும்போது சைக்கிள் சாயாமல் தானே போகும், மெதுவாகப் போகத்தான் பழக்கம் வேண்டும். வாத்து நடைக்குச் சைக்கிள் ஓட்டுவது எனக்கே கஷ்டமாக இருந்தது. அண்ணி காலை ஊன்றி ஊன்றித் தள்ளினார், பிறகு இரண்டு மிதி, மூன்று மிதி என்று கால் ஊன்றாமல் போனார். கடைசியில் ஒரு வாத்து மந்தையை விட்டுப் பிரிந்து அவர் சக்கரத்துக்கு நேராக வந்து நின்றது. அதைக் காப்பாற்ற ஒடித்தவர் சரிவில் இறங்கி, வைக்கோல் பரப்பிக் கிடந்த வயலில் சைக்கிளோடு மெல்லச் சாய்ந்தார். நான் பதறி ஓடினேன். அவர் படுத்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். முன்னால் போன அந்த அம்மாவும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தலையில் வைக்கோலோடு எழுந்த அண்ணி, அடுத்த வயலில் மந்தை இறங்கும்வரை ஒருமுறைகூடக் கால் ஊன்றவில்லை.

அவர் ஊருக்குப் பக்கத்தில் கரை அறுந்து கிடந்தது. மழைக்காலத்து வெள்ளம் கொண்டுபோன உடைப்பு. மேப்பில் அது இல்லை. நான் அண்ணனுக்குப் போன் செய்யலாமா என்று யோசித்தேன். அண்ணி அதற்குள் செருப்பைக் கழற்றிக் கேரியரில் மாட்டிவிட்டார்.

“சின்ன வயசுல இந்த ஆத்துலதான் கெடப்போம். எனக்குத் தெரியாத தண்ணியா? வா.”

மணலில் இறங்கி ஒவ்வொரு சைக்கிளாக இருவரும் சேர்ந்து தூக்கினோம். கணுக்கால் தண்ணீர் சில்லென்று இருந்தது. நடுவில் நின்று அவர் முகம் கழுவிக்கொண்டார். இவ்வளவு நேரம் நான் வழிகாட்ட, அவர் பின்னால் வந்தார். மணலில் எங்கே கால் புதையும், எங்கே புதையாது என்று இப்போது அவர் சொல்ல நான் நடந்தேன்.

வீட்டு வாசலில் அண்ணியின் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தெருவின் அந்தக் கோடிவரை எட்டிப் பார்த்தார்.

“மாப்ள எங்கம்மா?”

“வரலப்பா.”

“அப்பறம் யாரு கொண்டாந்து உட்டது?”

“நானேதான் வந்தேன். ஆத்தோரமா.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். சைக்கிளைப் பார்த்தார், முழங்கால்வரை ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். நேராக எதிர்வீட்டுக்குப் போய், “எம் பொண்ணு டவுன்லேர்ந்து சைக்கிள்லயே வந்துட்டுது!” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். உள்ளேயிருந்து அண்ணியின் அம்மா, “இந்த மனுசன் ஊரக் கூட்டிடுவாரு. நீங்க மொதல்ல உக்காந்து சாப்புடுங்க,” என்று அவசரமாக இலையைப் போட்டார். கருவாட்டுக் குழம்பும் பழைய சோறும். அன்று சாப்பிட்டது போல நான் எங்கும் சாப்பிட்டதில்லை.

சாப்பிட்டு முடிப்பதற்குள் வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். அண்ணியோடு படித்த ஒருவர், “என்னைய ஒரு ரவுண்டு ஏத்திக்கிட்டுப் போடி,” என்று கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அண்ணி இன்னும் ஆள் ஏற்றிப் பழகவில்லை. ஆனாலும் மிதித்தார். தெருவே நெளிந்து நெளிந்து போவது போல இருவரும் கோயில்வரை கத்திக்கொண்டே போய் வந்தார்கள்.

திரும்பும்போது அண்ணியின் அப்பா தரைப்பாலம்வரை கூடவே நடந்து வந்தார். “அக்கரைல போன மாசந்தான் கிராவல் அடிச்சாங்க. ஒடப்பு கெடையாது, சுருக்கா போயிடலாம்,” என்றார்.

அக்கரைப் பாதை புதுச் செம்மண்ணில் நேராக நீண்டு கிடந்தது. வெயில் சாய்ந்து, எங்கள் நிழல் வயலுக்குள் விழுந்து கூடவே ஓடியது. காலையிலிருந்து எனக்குப் பின்னாலேயே வந்த அண்ணி திடீரென்று எழுந்து நின்று மிதித்தார். சரளை தெறிக்க என்னைத் தாண்டிப் போனார். “அண்ணி, மெதுவா!” என்று கத்தினேன். துப்பட்டாவை இழுத்து இடுப்பில் கட்டியிருந்தவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நான் கியரை மாற்றி மிதித்தேன். ஊர் எல்லை வரும்வரை அவரைப் பிடிக்க முடியவில்லை.