சங்கு ஊதாத பன்னிரண்டு நாட்கள்

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வருவார் அந்தத் தகப்பன். நெடுநெடுவென்ற உயரம். எச்.ஐ.வி.யோடு பிறந்த தன் ஆறு வயது மகளை நான் வேலை பார்க்கும் மறுவாழ்வு நிலையத்துக்கு முதுகில் சுமந்துகொண்டு வருவார். கம்பியைப் பிடித்து அவள் நடை பழகும்போது, சுவரோரம் நிற்கும் அவரும் தன்னையறியாமல் காலை மாற்றி மாற்றி வைப்பார்.

பிள்ளை தேறி வந்தாள். திடீரென ஒருநாள் அவளால் நிற்கவே முடியவில்லை. உடம்பு காய்ச்சலில் கொதித்தது. அவளது எச்.ஐ.வி. மாத்திரைப் போத்தலோ முக்கால்வாசி அப்படியே இருந்தது.

“ஏன் குடுக்கல?” என்று கத்திவிட்டேன்.

“ஸ்ட்ரைக்குங்க மிஸ். பன்னெண்டு நாளா ஃபேக்டரியில சங்கு ஊதல. நேரம் தப்பவே கூடாது, சங்கு ஊதுனதும் குடுங்கன்னு சொன்னீங்க. தப்பான நேரத்துல குடுத்துருவேனோன்னு பயந்துட்டேங்க.”

வீட்டில் கடிகாரம் இல்லை என்றவருக்குச் சுலபமாக இருக்கட்டுமென்று அப்படிச் சொன்னவள் நான்தான். ஸ்ட்ரைக் வரும் என்று நான் யோசிக்கவேயில்லை.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “மன்னிச்சிருங்க மிஸ்” என்று கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.