அடுப்பு எரியாத வீடு

வீரசிங்கம் முதலாளி சவர்க்காரம் விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர். சம்பாதித்ததில் பாதியைத் தர்மம் செய்தார் என்பதும் உண்மை. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தர்மத்துக்கு ஞாபகசக்தி கொஞ்சம் அதிகம்.

அவர் பெயரிலுள்ள நிதியத்தில் முதன்முதலாகப் புலமைப்பரிசில் வாங்கியவள், கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த துஷ்யந்தி. இப்போது நாற்பத்தொரு வயது. குண்டசாலையில், நிதியத்தின் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. குடியிருப்பது நிதியம் கொடுத்த வீடு. தாய் வடிவம்மாவின் சிறுநீரக வைத்தியமும் நிதியத்தின் தயவில்தான். ஒருமுறை வங்கியில் அவளுக்கு வேலை கிடைத்தது. "எங்க பிள்ளை எங்களை விட்டுட்டுப் போகுமா?" என்று முதலாளியின் மருமகள் ஞானேஸ்வரி சிரித்துக்கொண்டே கேட்டார். துஷ்யந்தி நியமனக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

முதலாளியின் நினைவு நாளில் ஆண்டுதோறும் நன்றியுரை அவள்தான். பதினாறு வயதில் யாரோ எழுதிக் கொடுத்த அதே உரை. "எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் பல" என்ற வரி வந்ததும் மண்டபமே உச்சுக் கொட்டும். முன்வரிசையில் வடிவம்மா தலையைக் குனிந்துகொள்வார்.

இந்த ஆண்டு, விழாவுக்குப் போகும் வேனில் அவர் வாய் திறந்தார்.

"அந்த அடுப்புக் கதைய மட்டும் இன்னைக்கு விட்ரு புள்ள. ஒரு ரொட்டியாச்சும் சுட்டுக் குடுக்காம ஒருநாளாவது ஒங்கள படுக்க வச்சேனா நானு?"

"இல்லம்மா. சொல்ல மாட்டேன்" என்றாள் துஷ்யந்தி. பின்னால் இருந்த எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சொன்னபடியே மேடையில் அந்த வரியைத் தாண்டிப் போனாள். ஞானேஸ்வரி சட்டென்று எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார். ஏளனமில்லை, நிஜமான பிரியம்தான். "மறந்துட்டியாம்மா? 'எங்கள் வீட்டில் அடுப்பு...'" என்று எடுத்துக் கொடுத்தார். மைக்கில் அது நன்றாகவே கேட்டது.

துஷ்யந்தி தாயைப் பார்த்தாள். வடிவம்மா, சொல் என்று தலையை அசைத்தார்.

சொன்னாள். மண்டபம் உச்சுக் கொட்டியது. உரை முடிந்ததும், ஊசி குத்திக் கறுத்துப்போன கையால் முதலில் தட்டியவர் வடிவம்மாதான். நானும் தட்டினேன். நான் இருக்கும் வீடும் நிதியம் கொடுத்ததுதான்.