வெளிச்சம் தேடிய பூச்சி

அறுபதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். வீடு இளம்பிள்ளையில். அப்பா தறி நெய்தார், மனைவி அவருக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள், நான் மட்டும் தினமும் பஸ் ஏறினேன். கழித்துப் போட்ட டிரான்சிஸ்டரின் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டால் அது வெளிச்சத்தை உணரும் என்பதைக் கடையில்தான் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து பைத்தியம் பிடித்தது. விளக்கைத் தேடி வரும் விட்டில் போல ஒரு வண்டி செய்தேன். இரண்டு பொம்மை மோட்டார், டிரான்சிஸ்டர் கண்கள், முன்னால் கரப்பானுக்கு இருப்பதுபோல் கம்பி மீசை. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பும். மீசை எதிலாவது பட்டால் பின்வாங்கி வேறு வழி போகும். வீட்டில் அதற்குப் பூச்சி என்றே பெயர்.

அந்தச் சமயத்தில்தான் மகள் பிறந்தாள். தறி அறையில் பாய் விரித்து அவளைப் படுக்க வைப்போம். தறியில் குறுக்கு நூலோடு நாடா இடமும் வலமும் ஓட ஓட அவள் தலையும் கூடவே திரும்பும்.

"நாடாவ உட்டுக் கண்ண எடுக்குதா பாரு சாமி" என்று அப்பா மருமகளிடம் பெருமைப்படுவார். எங்களுக்கும் பெருமைதான். பொழுதுக்கும் தறி ஓடுகிற வீட்டில் வேறு எப்படி நினைப்போம்?

அமாவாசையன்று எங்கள் பக்கம் தறி ஓட்டுவதில்லை. அப்படி ஓர் அமாவாசைப் பகலில் தறி அறையின் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, டார்ச்சைக் காட்டிப் பூச்சியை ஓட்டினேன். மனைவி மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூச்சி உர்ரென்று ஓடியது. மகளும் அதன் பக்கமே திரும்பினாள். பாதியில் பேட்டரி தீர்ந்து பூச்சி நின்றுவிட்டது. டார்ச் மட்டும் என் கையில் ஆடிக்கொண்டிருந்தது. மகள் அதைப் பார்க்கவில்லை. முகத்துக்கு நேரே அடித்தேன். இமைகூட அசையவில்லை.

"தூக்கக் கலக்கமா இருக்குமுங்க" என்றாள் மனைவி.

சொன்னாளே தவிர, அவளுக்கும் அதில் நம்பிக்கை இல்லை. மகளை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய், நின்றிருந்த தறியில் கயிற்றை இழுத்து நாடாவை ஒரு தட்டுத் தட்டினாள். மகள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். மனைவி கயிற்றை விடாமல் அங்கேயே நின்றாள்.

டாக்டர் பார்த்தார். பிறவிக் கோளாறு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்தினோம். எனக்குப் பூச்சி மேல்தான் ஆத்திரம். குப்பையிலிருந்து பொறுக்கிய துண்டுக்குத் தெரிகிற வெளிச்சம் என் பிள்ளைக்குத் தெரியாதாம். தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

மகள் தவழத் தொடங்கியதும் வீடே பயமாகிவிட்டது. அடுப்பு, வாசற்படி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தறிக்குழி. நெய்கிறவர் கால் தொங்கவிட்டு உட்காரும் பள்ளம் அது. கடையில் வேலை செய்யும்போதும் அவள் அதில் விழுவதாகவே தோன்றும். ஒருநாள் குழிக்குப் பக்கத்திலிருந்த தறிக்காலில் நெற்றி இடித்துக்கொண்டாள். அழவில்லை. பின்வாங்கினாள், வேறு பக்கம் திரும்பினாள். அச்சு அசல் பூச்சி. இடித்துத் திரும்பி, இடித்துத் திரும்பியே இவள் காலம் போகுமோ?

அந்தப் பயத்தை அடக்க முடியாமல், அடுத்த அமாவாசைக்குப் பூச்சியைப் பரணிலிருந்து இறக்கி ஓடவிட்டேன். தறிக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. பூச்சி அந்த வெளிச்சத்துக்கு ஓடி, மகள் இடித்துக்கொண்ட அதே தறிக்காலில் இடித்தது. பின்வாங்கியது, திரும்பியது, சுற்றி வந்து அதே காலில் மறுபடியும் இடித்தது. எத்தனை தடவை விட்டாலும் இதே கதைதான். நேற்று இடித்தது இன்றைக்கு அதற்குத் தெரியாது.

அப்போதுதான் மகள் மறுபக்கத்திலிருந்து அந்தத் தறிக்காலை நோக்கித் தவழ்ந்து வந்தாள். தறி நின்றிருந்தது, வழிகாட்ட நாடாச் சத்தமும் இல்லை. தூக்கப் போன என் கையை மனைவி பிடித்துக்கொண்டாள்.

காலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே மகள் நின்றாள். ஒரு கையை நீட்டித் துழாவினாள். மரத்தைத் தொட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு, குழி இல்லாத பக்கமாகச் சுற்றத் தொடங்கினாள்.

பூச்சி மறுபடியும் இடித்தது.

"அத நிறுத்துங்க, அந்தச் சத்தத்துல அவளுக்கு ஒண்ணும் கேக்காது" என்றாள் மனைவி.

நிறுத்தினேன்.