மணிக்கு நடந்த மசாஜ்

எங்கள் தக்காளித் தோட்டத்தின் சேனாதிபதி மணி மூன்று நாளாக நொண்டிக்கொண்டிருந்தான். காவல் நாயே படுத்துவிட்டதால் காட்டுப்பன்றிகள் தோட்டத்தில் கல்யாண விருந்தே நடத்திவிட்டன.

மருமகள் பேச்சைக் கேட்டு, நாய்களுக்கு மசாஜ் செய்யும் ஒரு மகானை இன்று எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்கு வரவழைத்தேன்.

வந்ததும் வீடியோ எடுக்கப் போனை ஸ்டாண்டில் நிறுத்தினார். பிறகு மணியின் முதுகில் ஒரு மணி நேரம் எண்ணெய் தேய்த்தார். அந்த வாசனை கர்நாடக எல்லையைத் தாண்டியிருக்கும்.

"ஸ்ட்ரெஸ்ஸுங்கண்ணா. அதான் காலுக்கு எறங்கிடுச்சு."

என் மனைவி மணியின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். கடப்பாரை நீளத்துக்கு ஒரு வேலமுள்! பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்தாள். "ஏங்க, இதுதாங்களா உங்க ஸ்ட்ரெஸ்ஸு?"

"நான் பாதமெல்லாம் பாக்க மாட்டேங்கக்கா. முதுகு மட்டுந்தான் படிச்சிருக்கேன்."

அடுத்த நொடி மணி நாலு காலில் எழுந்து, அந்தப் பாவியைக் களத்தைச் சுற்றி மூன்று சுற்று விரட்டினான்.

இப்போது அந்த வீடியோவைப் போட்டிருக்கிறார்: 'ஒரே மசாஜில் ஓடிய நாய்!' முன்னால் ஓடிய தன்னை மட்டும் வெட்டிவிட்டார்.

நாய் யாரைத் துரத்துகிறது என்று அங்கே போய்க் கொஞ்சம் கேளுங்கள் மக்களே. நான் கேட்டேன், பிளாக் செய்துவிட்டார்.